தேன்மொழி நினைவு உதவித்தொகை

வா கண்ணு, உள்ள வா. செருப்பை அங்கயே விடு. பஸ் ஸ்டாப்புல இருந்து நடந்தா வந்தே? ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே. மூக்கைச் சுளிக்காதே, அந்தப் புளிச்ச வாடை எங்க சேகோ பேக்டரியில இருந்து வர்றது. மரவள்ளிக்கிழங்கை அரைச்சு ஜவ்வரிசிக்கு மாவை எடுத்துட்டு, மிச்சத் திப்பியை வெயில்ல காயப்போடுவாங்க. கொஞ்ச நேரத்துல பழகிடும். சத்தமும் அப்படித்தான். தை மாசம்னா கிழங்கு வந்து குவியும், மிஷினை நிறுத்தவே முடியாது. வீட்டுக்குள்ளயே கொஞ்சம் கத்தித்தான் பேசிக்கணும். நாம பேசறது ரோட்டுக்கு ஒண்ணும் கேக்காது, நீ கூச்சப்படாம பேசு.

உக்காரு. நல்லா சாஞ்சு உக்காரு. நீ கௌசல்யா. எம்.ஏ. தமிழ் படிக்கிறே. அப்பா ராசிபுரத்துல தறி ஓட்டுறாரு. அம்மா சின்ன வயசுலயே தவறிட்டாங்க. எல்லாம் எனக்குத் தெரியும், உங்க துறைத்தலைவர் மேகலா மேடம் ஒண்ணு விடாம சொல்லிட்டாங்க. நான்தான் தனபாக்கியம். மேடம் கீடம்னு என்னைக் கூப்பிடாதே. அம்மான்னு கூப்பிடு. எங்க, ஒரு தடவை சொல்லு பாக்கலாம்.

ம்ம். வாய்க்குள்ளயே சொல்றே. பரவால்ல, சாயந்திரத்துக்குள்ள நல்லா வந்துடும்.

தண்ணி குடி. பூஜை முடியற வரைக்கும் சாப்பாடு கிடையாது, விரதம். காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டியா? சரி விடு, தெரியாமதானே சாப்பிட்டே. சாமி கோவிச்சுக்காது. எங்க சாமி கோவிச்சுக்கற சாமி இல்ல. ஆமா, அதைப் பத்தித்தான் உங்கிட்டப் பேசணும்.

இந்தா, போட்டோல இருக்கறவதான் தேனு. தேன்மொழி. எம் பொண்ணு. உனக்குக் குடுக்கற உதவித்தொகை இவ பேர்லதான். ஒத்தைப் பொண்ணு கண்ணு. காலேஜ் சேந்த வருஷமே போயிட்டா. நல்லாப் பாரு, உன்னை மாதிரியே நெத்தி. ஜடையும் இதே நீளம். மேகலா மேடம் உங்க கிளாஸ் குரூப் போட்டோவை அனுப்பி வச்சப்பவே உன் மேல விரலை வச்சேன். அவங்க மார்க்கு வரிசையில வேற யார் பேரையோ சொன்னாங்க. மார்க்கு யாருக்கு வேணும்? இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டேன். சொன்னாங்க. இன்னொரு விஷயமும் சொன்னாங்க, அதைக் கேட்டதுமே நீதான்னு முடிவு பண்ணிட்டேன். அது என்னன்னு அப்புறம் சொல்றேன்.

உன் பையை அந்த ஸ்டூல் மேல வை. அட வைன்னா, யாரு தூக்கிட்டுப் போகப் போறா? இன்னிக்கு வீட்டுல யாருமே இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு வருஷா வருஷம் இந்த வெள்ளிக்கிழமை மட்டும் சேலத்துல ஏதாச்சும் வேலை வந்துடும். வேலைக்காரியை நான்தான் வர வேண்டாம்னுட்டேன். பூஜை அன்னிக்கு வெளியாளுங்க நடமாடக் கூடாது. கேட்டைக்கூட நீ உள்ள வந்ததும் பூட்டிட்டேன்.

நான் ஒண்ணு கேக்கறேன். ஊர்ல காசு வச்சிருக்கறவன் எல்லாம் யாருக்குக் குடுக்கறான்? டாக்டருக்குப் படிக்கிறவனுக்குக் குடுக்கறான், இன்ஜினியருக்குப் படிக்கிறவனுக்குக் குடுக்கறான். அவன் நாளைக்குப் பெரிய ஆளாகி மைக்கைப் பிடிச்சு இவராலதான்னு சொல்லுவான்ல, அதுக்கு. தமிழ் படிக்கிறவளுக்கு, சரித்திரம் படிக்கிறவளுக்கு எவன் குடுக்கறான்? நான் குடுக்கறேன். மொத தடவை உங்க டிபார்ட்மென்ட்டுல போய் நின்னப்ப மேகலா மேடத்துக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "எங்களைத் தேடி யாருமே வந்ததில்லம்மா"ன்னாங்க. இப்ப அங்க நீங்க உக்காந்து படிக்கிறீங்களே, அந்த பெஞ்சு, பீரோ, பேனு எல்லாம் நான் வாங்கிப் போட்டது. அதனால நான் எது கேட்டாலும் அவங்க தட்ட மாட்டாங்க. அப்படிப் பெருசா என்ன கேட்டேன்? வருஷத்துக்கு ஒரு பொண்ணு. வருஷத்துல ஒரே ஒரு நாள்.

மொதல்ல எல்லாம் அந்தம்மாவே கூட்டிட்டு வந்து வாசல்ல விட்டுட்டுப் போவாங்க. போன வருஷத்துக்கு அப்புறம் பரீட்சை வேலை இருக்கு, நீங்களே பாத்துக்கங்கன்னுட்டாங்க. படிச்சவங்களுக்கு எப்பப் பாத்தாலும் ஒரு பரீட்சை.

என்ன பூஜைன்னு கேக்கறியா? உங்க வீட்டுலயும் இருக்குமே. கல்யாணம் ஆகாமப் போயிட்ட பொண்ணு அந்த வீட்டுக்குத் தெய்வம். எங்க பக்கம் பூவாடைக்காரின்னு சொல்லுவோம். தை கடைசி வெள்ளிக்கு அவளுக்குப் பொங்கல் வச்சு, மாவிளக்குப் போட்டு, புதுப் புடவை எடுத்துப் படைச்சு, அதை ஓலைப்பெட்டிக்குள்ள வச்சு மூடிடுவோம். அடுத்த வருஷம் பெட்டியைத் தெறந்து அந்தப் புடவையை ஒரு கன்னிப்பொண்ணு உடுத்திக்கணும். உடுத்திக்கிட்டு அவ முன்னாடி உக்காந்தா, அவ வந்து எறங்குவா. வீட்டு மேல குறை இருந்தா சொல்லுவா. இல்லேன்னா குறை இல்லேன்னு சொல்லிட்டுப் போவா. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கண்ணு இவ்வளவும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அம்மா மேல எனக்குக் கோவம் இல்லன்னு அவ வாயால ஒரு தடவை சொல்லிட்டாப் போதும், நான் நிம்மதியாத் தூங்கிடுவேன்.

எதுக்குக் கோவம்னா? ஒண்ணும் இல்ல. அவளுக்கு என் மேல கோவப்பட என்ன இருக்கு? நான் என்ன குறை வச்சேன்? இருந்தாலும் பெத்த மனசு கேக்க மாட்டேங்குது.

சொந்தத்துல பொண்ணு இல்லாம இல்ல. எந்தம்பி மக இருக்கா. மொத வருஷம் அவதான் புடவையை உடுத்துனா. உடுத்துன அன்னிக்கே காய்ச்சல். அவ்வளவுதான், எந்தம்பி பொண்டாட்டி கையெடுத்துக் கும்பிட்டா. "அண்ணி, எம் பொண்ணை விட்டுடுங்க"ன்னு. என்னமோ நான் அவ பொண்ணைக் கடிச்சுத் தின்னுட்ட மாதிரி. அப்பத்தான் இவரு சொன்னாரு, "தனம், பொண்ணு பேர்ல யாராச்சும் ஏழைப் புள்ளையைப் படிக்க வைப்போம், மனசு ஆறும்"னு. நல்ல யோசனைதான். ஆனா இந்த ஆம்பளைங்க யோசனையெல்லாம் பாதியிலயே நின்னுடும். மீதியை நான் சேத்துக்கிட்டேன்.

இதுல கட்டாயம்லாம் ஒண்ணும் இல்ல. நினைவு நாள் பூஜையில கலந்துக்கணும்னு உனக்குக் குடுத்த பேப்பர்லயே போட்டிருக்கே, நீயும் கையெழுத்துப் போட்டிருக்கே. செக்கு எழுதி ரெடியா இருக்கு. அவ ரூமுல, விளக்குக்குக் கீழ வச்சிருக்கேன். சாமி கையால வாங்குற மாதிரி வாங்கிக்க. நாளைக்குள்ள பீஸ் கட்டலேன்னா பரீட்சை எழுத முடியாதாமே உனக்கு? கட்டிடலாம், கட்டிடலாம். உங்கப்பா பாவம், போன்ல பேசறப்ப அழுதுட்டாரு. "உங்க வீட்டுப் பொண்ணா நெனச்சுக்கங்கம்மா"ன்னாரு. நெனச்சுட்டேன்னு சொன்னேன்.

மோனிஷாவா? அவளைப் பத்தி உங்கிட்ட யாரு சொன்னா? ஹாஸ்டல் புள்ளைங்களுக்கு வேற வேலையே இல்ல.

சரி, கேட்டுட்டே, சொல்லிடறேன். உனக்கு முன்னாடி மூணு பொண்ணுங்க வந்தாங்க. மொத வந்தவ சுகிர்தா, தங்கமான பொண்ணு. இப்ப ஓசூர்ல டீச்சரா இருக்கா. நான் போன் பண்ணா மட்டும் எடுக்க மாட்டேங்கறா, வேலை ஜாஸ்தி போல. அவ வந்தப்பதான் தேனு மொதமொதலா பேசுனா. "அம்மா"ன்னா. அந்த ஒரு வார்த்தைதான், எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அடுத்து வந்தவ ஒரு கெட்டிக்காரி, பேரு வேண்டாம். மொதல்லயே யாரையோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்துட்டா. உக்காந்ததுமே "கோவம் இல்லம்மா, கோவம் இல்லம்மா"ன்னு பாட்டுப் பாடற மாதிரி சொல்றா. சீக்கிரம் சொல்லிட்டு செக்கை வாங்கிட்டு ஓடிடலாம்னு. எனக்குத் தெரியாதா எம் பொண்ணு குரலு? தேனு பேசுனா ஒரு இழுப்பு இருக்கும். மூச்சைப் பிடிச்சு இழுத்து, ஒவ்வொரு வார்த்தையா வரும். அந்த இழுப்பு வராம யாரு எது சொன்னாலும் அது எம் பொண்ணு இல்ல.

போன வருஷம்தான் மோனிஷா. கள்ளக்குறிச்சிப் பக்கம். அவளுக்கு நான் ஒண்ணுமே குறை வைக்கல. ஹாஸ்டலுக்குப் பலகாரம் குடுத்து அனுப்பினேன், பொங்கலுக்குச் சுடிதார் எடுத்துக் குடுத்தேன். அத்தனையும் வாங்கிக்கிட்டு, பூஜை அன்னிக்கு ஊரைக் கூட்டிட்டா. எல்லாத்தையும் பாதியில கெடுத்துட்டா. அப்புறம் படிப்பையும் விட்டுட்டாளாம். நானா விடச் சொன்னேன்? இந்த வருஷத்துக்கும் சேத்துப் பணம் கட்டித்தானே வச்சிருந்தேன். இப்ப வீட்டுல கதவைச் சாத்துனாலே கத்துறாளாம். குளிக்கப் போனாக்கூடக் கதவைத் தெறந்து வச்சுக்கிட்டுத்தான் குளிக்கிறாளாம். வளர்ப்பு அப்படி. அவங்கப்பன் வந்து கேட்டுக்கு வெளிய நின்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டுப் போனான். ஒரு நன்றி வேண்டாம்? நீயே சொல்லு, ஒரு நன்றி வேண்டாம்?

என்ன பஸ்ஸைப் பத்திக் கேக்கறே? போலாம், போலாம். வெளிச்சம் இருக்கறப்பவே முடிச்சுடலாம். எந்திரி, புடவையை மாத்திக்கலாம்.

இந்தா, இதுதான் போன வருஷம் படைச்சது. பெட்டிக்குள்ளயே இருந்ததால கற்பூர வாசம். அரக்குல பச்சை பார்டர், தேனுவுக்குப் பிடிச்ச கலரு. கொசுவத்தை இப்படி வை. இரு, நான் வச்சு விடறேன். எவ்வளவு ஒல்லியா இருக்கே! ஹாஸ்டல்ல என்னதான் போடறாங்க? திரும்பு, ஜடையில பூ வைக்கணும். ஏன் கையி இப்படிச் சில்லுனு இருக்கு? பயப்படாதே, அம்மாதானே. போனைக் குடு, சாமி ரூமுக்குள்ள போன் ஆகாது, நான் சார்ஜ் போட்டு வைக்கிறேன்.

பையை ஏன் எடுக்கறே? அது இங்கயே இருக்கட்டும். தோலு பையி கண்ணு, உள்ள கொண்டுபோகக் கூடாது. அதுல என்ன இருக்கு? பம்ப்பா? வீசிங்குக்கு வாய்ல வச்சு அடிச்சுக்கறதா? அதுதான் எனக்குத் தெரியுமே! மேகலா மேடம் சொன்னாங்கன்னு சொன்னேன்ல, அது இதுதான். "பொண்ணு நல்லாப் படிப்பாம்மா, பாவம், சின்ன வயசுல இருந்து தறிப் பஞ்சுல வளந்ததால வீசிங் இருக்கு"ன்னாங்க. எம் பொண்ணுக்கும் அதேதான், இந்த மாவுத் தூசியில வந்தது. கேட்டதும் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டேன். இத்தனை வருஷமா நான் தப்பாவே தேடிட்டு இருந்திருக்கேன் கண்ணு. நெத்தியைப் பாத்தேன், உயரத்தைப் பாத்தேன், ஜடையைப் பாத்தேன். மூச்சைப் பாக்கலையே நான்.

வா. இதுதான் அவ ரூமு. உள்ள போ, நான் பின்னாடியே வர்றேன். அந்தக் கட்டில், மேஜை எல்லாம் அவளோடது. சுவத்துல ஒட்டி வச்சிருக்கறதெல்லாம் அவளே எழுதுனது, கவிதையாம். கூடத்துப் போட்டோவைவிட இந்தப் போட்டோல சிரிப்பு நல்லா இருக்கு, இல்ல? ஜன்னலு இருந்துச்சு, போன வருஷத்துக்கு அப்புறம் செங்கல் வச்சு அடைச்சுட்டேன், தூசி வருது. கதவும் புதுசு, நல்ல தேக்கு. சாம்பிராணி கொஞ்சம் கூடத்தான் போட்டிருக்கேன், அவளுக்குப் பிடிக்கும். இருமல் வந்தா வரட்டும், அடக்காதே. அந்தப் பலகையில உக்காரு. செக்கு அதோ, குத்துவிளக்குக்கு அடியில. தொட்டுக் கும்பிட்டுக்க, எடுக்காதே, அவ பேசுனதும் எடுத்துக்கலாம். கண்ணை மூடிக்க.

நான் மாவிளக்கு எடுத்துட்டு வந்துடறேன்.

கௌசல்யா. பயப்படாதே, நான்தான் கதவைச் சாத்துனேன். ஆமா, தாப்பாளும் போட்டுட்டேன். அது அப்படித்தான் கண்ணு. சுகிர்தா உள்ள இருந்தப்ப காத்துல கதவு அடிச்சு, தாப்பாளு தானா விழுந்துடுச்சு. நான் அடுப்பாங்கரையில இருந்தேன். வந்து தெறக்கலாம்னு கையை வச்சேன், உள்ள இருந்து "அம்மா, கதவைத் தெறங்கம்மா"ன்னு குரலு. அதுவரைக்கும் அவ என்னை மேடம்னுதான் கூப்பிட்டுட்டு இருந்தா. அம்மான்னு கூப்பிட்டது அவ இல்ல. அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, கதவு சாத்தியிருந்தாத்தான் தேனு வருவான்னு. அவ போனதும் அப்படித்தானே.

ஆமா, உங்கிட்ட அதைச் சொல்லவே இல்லையே. இரு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துக்கறேன். உன் பையை மடியில வச்சிருக்கேன், பத்திரமா இருக்கு. நீ கேட்டுக்கிட்டே உக்காரு.

அவளை இன்ஜினியரிங்ல சேத்துவிட்டோம். கோயம்புத்தூர்ல பெரிய காலேஜு, அவங்கப்பா எம்.எல்.ஏ. வரைக்கும் போய் வாங்குன சீட்டு. பொங்கல் லீவுக்கு வந்தவ, திரும்பிப் போக மாட்டேன்னு உக்காந்துட்டா. பி.ஏ. தமிழ் படிக்கிறேங்கறா. சேகோக்காரரு வீட்டு ஒத்தைப் பொண்ணு தமிழைப் படிச்சுட்டு என்ன பண்ணுவா? நாலு பேருகிட்ட எம் பொண்ணு இது படிக்கிறான்னு சொல்ல வேண்டாமா? கெஞ்சிப் பாத்தேன், மெரட்டிப் பாத்தேன். சரி, கொஞ்ச நாளு அவ ரூமுலயே இருந்து யோசிக்கட்டும்னு விட்டுட்டேன். விட்டுட்டேன்னா, பூட்டித்தான். எந்த வீட்டுல பூட்டல? சாப்பாடு வேளாவேளைக்குக் கொண்டுபோய் வச்சேன். சூடா வச்சேன்.

தட்டாதே கண்ணு, சொல்லி முடிச்சுடறேன்.

அன்னிக்கும் வெள்ளிக்கிழமை, மத்தியானம். நான் இதே எடத்துலதான் உக்காந்து பூ கட்டிட்டு இருக்கேன். மிஷினு ஓடுது. அவ தட்டுறா. "அம்மா, கதவைத் தெறம்மா, மூச்சு வாங்குது, பம்ப்பு தீந்துபோச்சு"ன்னா. தீந்துபோச்சாம். அதுக்கு முந்தி வயித்துவலின்னா, அதுக்கும் முந்தி பல்லி விழுந்துடுச்சுன்னா. தெறந்தா செவரேறிக் குதிச்சு ஓடிடுவா. எந்தத் தாயி நம்புவா சொல்லு. கொஞ்ச நேரம் தட்டிப் பாத்துட்டு நிறுத்திட்டா. கோவம் தணிஞ்சு தூங்கிட்டான்னு நான் நெனச்சேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்த் தெறந்தா, சாமியாயிட்டா. கதவுக்குப் பக்கத்துலயே.

தலையெழுத்து. டாக்டரு என்னென்னமோ சொன்னாரு, "முன்னாடியே தெறந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சாரு. அவருக்கு என்ன தெரியும்? அவரு பெத்தவரா, நான் பெத்தவளா?

என்ன? இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு, மிஷினு சத்தத்துல கேக்கல. கோவம் இல்லையா? "கோவம் இல்லம்மா, தெறந்து விடுங்க"ங்கறியா? நீ சொல்றே கண்ணு அதை. நீ நல்ல பொண்ணு, ஆனா அது நீ சொல்றது. அந்தக் கெட்டிக்காரி சொன்ன மாதிரியே சொல்றே. இழுப்பு வரல பாரு. அவ வரட்டும். அவளே சொல்லட்டும்.

மோனிஷாவும் இப்படித்தான் அவசரப்பட்டா. ஜன்னல் வழியாக் கத்தி, எங்க அம்மாசியைக் கூப்பிட்டுட்டா. அவன் எங்க மேஸ்திரி, கிழங்கு எறக்கிட்டு இருந்தவன். கடப்பாரையைக் கொண்டுவந்து கதவைப் பேத்துட்டான், பழைய கதவு. அப்பத்தான் தேனு வர்ற நேரம். எனக்குத் தெரியும், வாசப்படி வரைக்கும் வந்துட்டா. எல்லாம் போச்சு. அம்மாசியை அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன். இப்ப இருக்கறவங்க எல்லாம் வடக்கத்திக்காரங்க, ஹிந்திதான். நல்ல பசங்க, சொன்ன எடத்தைத் தாண்டி வர மாட்டாங்க.

பம்ப்பா? பையிலயேதான் இருக்கு. நான் எடுக்கல. ஆமா, நீலக் கலரு, தேனுவுதும் இதே நீலம்தான். இப்ப எடுத்துக் கையில வச்சுக்கிட்டேன். தர்றேன். அவ பேசுனதும் மொத வேலையா அதைத்தான் தருவேன், நான் என்ன ராட்சசியா? அன்னிக்குப் பம்ப்பு தீந்துபோச்சு, இன்னிக்கு நெறைய இருக்கு. பாத்தியா, ஆட்டிப் பாத்தா சத்தம் கேக்குது. இந்தத் தடவை ஒரு குறையும் வராது.

இரு. இரு, இரு. இப்ப என்ன சொன்னே?

கடவுளே. இழுப்பு.

வந்துட்டா. எந்தங்கம் வந்துட்டா. இதுதான், இதுதான், இந்த இழுப்புதான். "அம்மா"ங்கறே. கேக்குதுடா, கேக்குது. இன்னொரு தடவை சொல்லு. "கதவைத் தெற"ங்கறே. அதுக்கு அப்புறம்? அதோட நிறுத்தாதே தேனு, அதுக்கு அப்புறம் ஒண்ணு இருக்கில்ல? அதையும் சொல்லிடு. உனக்காக எத்தனை புள்ளைங்களைப் படிக்க வச்சிருக்கேன் தெரியுமா? எல்லாம் தமிழு, நீ ஆசைப்பட்ட தமிழு. உன் பேரை அந்த டிபார்ட்மென்ட்டுல பெருசா எழுதி மாட்டியிருக்காங்க. இனிமே உனக்கு என்ன குறை? தட்டு, நல்லாத் தட்டு. அம்மா எங்கயும் போகல. அன்னிக்கு மாதிரி நம்பாம இல்ல, இன்னிக்கு நீ சொல்றது ஒவ்வொண்ணையும் நம்புறேன். மூச்சு வாங்குதா? வாங்கும்டா. ஒரே ஒரு வார்த்தை, சொல்லிட்டேன்னா உடனே தெறந்துடுவேன். தாப்பாளு மேலதான் கையை வச்சிருக்கேன்.

சொல்லு கண்ணு.

ஏன் நிறுத்திட்டே? தட்டுறதையும் நிறுத்திட்டே.

தேனு?

கோவமா? அன்னிக்கும் இப்படித்தான் பாதியில பேச்சை நிறுத்திட்டே. சரி. அம்மாவுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நீயா பேசற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்.